கறுப்பு ஒளிந்த சேவல்

கலர்காரருக்குக் கோழிப் பைத்தியம் பிடித்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. சீட்டோ குடியோ பிடிக்க வேண்டிய வயதில் கோழி பிடித்தது, அந்த மட்டும் நான் தப்பித்தேன் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். கோழி என்றால் சாதாரணக் கோழி இல்லை. இறகை விலக்கினால் தோல் கறுப்பாக இருக்க வேண்டும். கொண்டை கறுப்பு, அலகு கறுப்பு, வாயைத் திறந்தால் நாக்கும் கறுப்பு. அதோடு இறகுகள் உடம்பில் படிந்து கிடக்காமல் ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்க வேண்டும், காற்றில் மடங்கிக்கொண்ட குடை மாதிரி. கறுத்த தோலும் சுருட்டை இறகும் ஒரே உடம்பில் சேர்ந்த கோழிகள் கொல்லை நிறையத் திரிய வேண்டும் என்பது அவர் ஆசை. எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்.

பிழைப்பு பெயின்ட் கடையில். முன்னால் கண்ணாடிக் கதவும் விலைப்பலகையும். பின்னறையில் அவரும் ஒரு நீள மேஜையும் வெள்ளை பெயின்ட் டப்பாக்களும் நிறச்சாந்துக் குப்பிகளும். நிறம் கலக்க இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் தலையணை உறை, சட்டைப் பொத்தான், சுவரில் பெயர்த்த சில்லு என்று எதையாவது கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்பவர்களை முதலாளி பின்னறைக்குத்தான் அனுப்புவார். கலர்காரர் ஒரு சொட்டை இடது கட்டைவிரல் நகத்தில் தடவுவார், ஊதிக் காயவைப்பார், சில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அந்த நகத்தில் தினம் ஒரு நிறம் இருக்கும்.

வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்தால் சாம்பல். அந்தச் சாம்பலிலிருந்து வெள்ளையையும் திரும்ப எடுக்க முடியாது, கறுப்பையும் திரும்ப எடுக்க முடியாது. கலந்தது கலந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் உறுதியாக நம்பியது இந்த ஒன்றைத்தான். கடையில் அது ஒருநாளும் பொய்த்ததில்லை. கொல்லையில்தான் பொய்த்தது.

கறுப்பு அவருக்கு வந்தது ஒரு லாரிக்காரரிடமிருந்து. லாரியின் பக்கப் பலகைக்கு அச்சு அசலாக நிறம் கலந்து கொடுத்ததில் மகிழ்ந்துபோன அந்த ஆள், இருக்கைக்கு அடியிலிருந்து கால் கட்டிய ஒரு சேவலை எடுத்து நீட்டினார். உச்சியிலிருந்து நகம்வரை கறுப்பு. சுருட்டை வந்தது மனைவி வழியில். அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். துணி தைக்க வந்த ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன பெட்டை அது. தோல் வெளுப்பு, இறகு மட்டும் சுருள். கலர்காரர் இரண்டையும் சேர்த்துவிட்டார். பொரித்ததில் பெட்டைகளெல்லாம் கறுத்த தோலோடும் சேவல்களெல்லாம் வெளுத்த தோலோடும் இருந்தன. ஏறக்குறைய பாதிக்குச் சுருட்டை.

அவர் இதைத் தன் தொழில் வழியாகப் புரிந்துகொண்டார். கறுப்புச் சேவல்தான் சாந்துக் குப்பி. சில டப்பாவில் சாந்து நன்றாக இறங்கியிருக்கிறது, சில டப்பாவில் வெளுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கறுத்த பெட்டைகளைத் திரும்பக் கறுப்புச் சேவலோடு விட்டார். வெளுத்ததையெல்லாம் கழித்தார்.

சுருட்டை விஷயத்தில் மட்டும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டார். ஆணும் பெண்ணும் இரண்டும் சுருட்டையாக இருந்தால் இன்னும் அழகாக வரும் என்று நினைத்து ஒரு அடை வைத்தார். குஞ்சுகளில் சில, தேய்ந்த பல் பிரஷ் மாதிரி வளர்ந்தன. இறகு முளைக்கும், ஒடியும். முதுகு வெறிச்சென்று கிடக்கும். மழை பெய்த நாளில் மனைவி அவற்றை வெட்டுத் துணிகளில் சுற்றி அடுப்போரம் வைத்தாள்.

"ஆசைக்கு ஒரு அளவு வேணாமா? பாருங்க, சட்டை இல்லாம நிக்குதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு சுருட்டைக்கு எப்போதும் நேர் இறகுத் துணைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குஞ்சுகளைப் பிரிப்பார். ஒவ்வொன்றாகப் பிடித்துச் சிறகைத் தூக்கி, வாயால் ஊதி இறகை விலக்கித் தோலைப் பார்ப்பார். அலகைப் பிரித்து நாக்கைப் பார்ப்பார். வேண்டியது இடப்பக்கக் கூண்டுக்கு; வேண்டாதது வலப்பக்கம் வைத்த அட்டைப்பெட்டிக்கு. மனைவி ஊசியில் நூல் கோர்த்தபடி வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இப்படி வாயைத் திறந்து பாக்கலையே நீங்க."

"பாத்திருந்தா?"

"தப்பிச்சிருப்பீங்க. எனக்கும் கருநாக்குதான்."

அட்டைப்பெட்டி போய்ச் சேரும் இடம் தங்கை வீடு.

தங்கை அதே ஊரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. கணவன் பேருந்து ஓட்டுநர். தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும் கலர்காரருக்கு அவள் பாப்பாதான். சிறுவயதிலிருந்தே அண்ணனுக்கு வேண்டாததெல்லாம் பாப்பாவுக்குப் போகும். தேய்ந்த பென்சில், கம்பி வளைந்த குடை, சங்கிலி கழன்று விழுகிற சைக்கிள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் அது நிற்கவில்லை. கலவை தப்பி, வாடிக்கையாளர் முகம் சுளித்துத் திருப்பிய பெயின்ட் டப்பாக்கள் பாப்பா வீட்டுக்குப் போயின. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் கனிந்த பப்பாளி நிறம், எதிர்ச்சுவர் மருந்துக்குப்பிப் பச்சை. சமையலறைச் சுவரின் நிறத்துக்குப் பெயரே கிடையாது. வருகிறவர்கள் சிரித்தால் பாப்பாவும் "எங்கண்ணன் கொடுத்தது" என்று சேர்ந்து சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் கழிச்சல் நோய் வந்து தெருத் தெருவாகக் கோழிகளை அள்ளிக்கொண்டு போனது. கலர்காரர் வீட்டில் முதலில் விழுந்தது கறுப்புச் சேவல். வாரம் முடிவதற்குள் கொல்லை ஓய்ந்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை. கால் சுளுக்கியதால் வீட்டுக்குள், தையல் மிஷினுக்கு அடியில் கட்டிப்போட்டிருந்ததால் பிழைத்தது. கறுத்த தோல், சுருட்டை இறகு, இரண்டும் குறையில்லாமல் சேர்ந்தது அது. அதன் பெயர் மசி. கலர்காரர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்துவிட்டு, மனைவி அதற்கு வைத்த பெயர் சின்ன வீடு.

நோய் அடங்கியதும் சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்தார். நேர் இறகு, வெளுத்த தோல், வேறு கிடைக்கவில்லை. மசியோடு சேர்த்து அடை வைத்தார். பொரித்தது அத்தனையும் வெளுப்பு. சேவல் குஞ்சும் வெளுப்பு, பெட்டைக் குஞ்சும் வெளுப்பு. கலர்காரர் காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுது" என்றார் மனைவியிடம். "சாந்து தீந்துபோச்சு. இனிமே எதை ஊத்தினாலும் வெளுப்புதான்."

குஞ்சுகள் கொஞ்சம் தேறியதும் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டித் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு அங்கே விருந்தாளிகள். ஓட்டுநரின் அக்கா, அதாவது பாப்பாவின் நாத்தனார், கணவனோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். கலர்காரர் பெட்டியைத் தரையில் வைத்தார். மனசு சரியில்லை. யாரையும் சரியாகப் பார்க்கவில்லை.

"எதுக்கும் ஆகாத உருப்படிங்க" என்றார். "வளக்கறதுன்னா வளங்க, அறுக்கறதுன்னா அறுங்க. உங்க வீட்டுக்கு இது போதும்."

நாத்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பப்பாளிச் சுவரைப் பார்த்தாள், பச்சைச் சுவரைப் பார்த்தாள்.

"ஆமா, எல்லாமே அப்படித்தான் வந்திருக்கு" என்றாள்.

பாப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அண்ணன் கிளம்பும்போது அவள் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. பேசாததைக் கவனிக்கவே அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மனைவிதான் எடுத்துச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்கு இது போதும்னு சொன்னீங்களாமே."

"கோழியைச் சொன்னேன்."

"அப்ப கோழிகிட்ட சொல்லியிருக்கணும்."

போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றாள். மூத்தவன் நானா போய் நிற்பேன் என்றார் அவர். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. மசி முட்டையிடுவது குறைந்துகொண்டே வந்தது. தோல் சுருங்கி, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்தது. கலர்காரர் தினம் காலையில் அதற்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஆசை விட்டுப்போன மனிதர் செய்கிற வேலைகளையெல்லாம் ஒழுங்காகச் செய்தார்.

ஒருநாள் கடைப் பின்னறைக்குள் தங்கை கணவன் தலையை நீட்டினான். குடும்பத்துச் சண்டைகளில் கலந்துகொள்ளாதவன் அவன். யார் யாரோடு பேசவில்லை என்று நினைவு வைத்துக்கொள்வதே பெரிய வேலை என்பான்.

"என்ன மச்சான், கலக்கறீங்களா?" என்றவன், பையிலிருந்து ஒரு சுவர்ச் சில்லை எடுத்து மேஜையில் வைத்தான். "கூடத்துச் சுவர் வெடிச்சிருக்கு. இதே கலர் வேணும்."

கலர்காரர் சில்லைத் திருப்பிப் பார்த்தார். பப்பாளி.

"வராது மாப்பிள்ளை. இது தப்பாக் கலந்தது. சரியாக் கலந்ததைத் திரும்பக் கலக்கலாம். தப்பை எப்படித் திரும்பக் கலக்கறது?"

"அப்ப எங்க வீடு உலகத்துலயே ஒண்ணுதான்னு சொல்லுங்க" என்று அவன் சிரித்தான். "சரி, சுவர் கெடக்கட்டும். உங்க கோழிங்க ஒரு கூத்து பண்ணியிருக்கு. நீங்க கொடுத்தீங்களே வெள்ளைங்க, அதுங்களுக்குள்ளயே சேந்து முட்டை போட்டு அடை காத்துச்சு. வந்ததுல ஒரு குஞ்சு தார் டின்னுல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு."

கலர்காரரின் கை நின்றது.

"வேற கோழி உள்ள வந்திருக்கும்."

"எங்க மதில் என் உயரம் இருக்கு. அண்டை அசல்ல யாரும் கோழி வளக்கல. லிஃப்ட்டுல ஏறியா வந்திருக்கும்?"

"நாக்கு எப்படி இருக்கு?"

"நான் பஸ் ஓட்டறவன் மச்சான். நாக்கை நீட்டச் சொல்றது டாக்டரோட வேலை." அவன் யோசித்தான். "ஆனா கத்தறப்போ பாத்தேன். உள்ளயும் கறுப்புதான். பெட்டைக் குஞ்சு. மத்ததைப் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு. பெரிய பெட்டைங்களை அக்கா வாங்கிட்டுப் போயிட்டா. இப்ப இருக்கறது அந்தக் குஞ்சும் ரெண்டு சேவலும்தான். அதுவும் ஞாயித்துக்கிழமை வரைக்கும். அக்கா குடும்பத்தோட சாப்பிட வர்றா. ஒண்ணையாவது போட்டுடணும். ரெண்டையும் போட்டா அதுங்க சண்டை ஓயும்."

அவன் போன பிறகு கலர்காரர் ஒரு டப்பா வெள்ளையைத் திறந்துவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளுப்பும் வெளுப்பும் சேர்ந்து கறுப்பு வந்திருக்கிறது. பெயின்டில் இது நடக்காது. எந்த டப்பாவிலும் நடக்காது. அப்படியானால் கறுப்பு அந்த வெளுத்த உடம்புகளுக்குள் கரையாமல் இருந்திருக்கிறது. கலக்கவில்லை; ஒளிந்திருந்தது. மசியிடமிருந்து போன கறுப்பு, எதுக்கும் ஆகாது என்று அவர் கயிறு கட்டிக் கொடுத்த சேவல்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு சேவலை மசியோடு விட்டால், குஞ்சுகளில் ஒரு பங்காவது கறுப்பாக வரும், கறுப்புச் சேவலே வரும். அதுவும் மசி முட்டையை அடியோடு நிறுத்துவதற்குள். சேவல் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் ஏறுவதற்குள்.

இரண்டு சேவல்களும் எப்படி இருந்தன என்று யோசித்தார். குஞ்சாகக் கொடுக்கும்போதே ஒன்றுக்குச் சுருட்டை தெரிந்தது. இன்னொன்று நேர் இறகு. மசி சுருட்டை. ஆக, அவருக்கு வேண்டியது அந்த நேர் இறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை மாற்றிக்கொண்டு, முந்தின நாள் கடையில் கலந்து வாங்கிவந்த ஒரு டப்பாவையும் எடுத்துக்கொண்டார். மங்கின பாலாடை நிறம். கூடத்துக்கு ஏற்றது.

"போறது சேவலுக்கா, தங்கச்சிக்கா?" என்றாள் மனைவி.

"சேவலுக்கு."

"பொய் சொல்லாத வரைக்கும் நல்லது. கேட்டு வாங்குங்க. கையோட தூக்கிட்டு வந்துடாதீங்க."

தண்டவாளத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே வாசனை வந்துவிட்டது. தங்கை வீட்டுச் சமையலறையில் கோழி வெந்துகொண்டிருந்தது. கலர்காரர் வாசலுக்குப் போகாமல் பக்கச் சந்து வழியாகப் பின்னால் போனார். கொல்லையில் சேவல் எதுவும் கண்ணில் படவில்லை. மதிலோரம் குப்பைத்தொட்டி. மூடியைத் தூக்கினார். மேலே வெங்காயத் தோல். அதற்குக் கீழே இறகுகள், ஈரமாக, ஒரு பந்தாக ஒட்டிக்கிடந்தன. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை விட்டு ஒன்றை எடுத்தார். சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனி சுருண்டிருந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் சுருள். கை கொள்கிற மட்டும் அள்ளிப் பார்த்தார். நேர் இறகு ஒன்றுகூட இல்லை.

"என்ன தேடற?"

நிமிர்ந்தார். கொல்லைக் கதவில் பாப்பா நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் கை நிறைய ஈர இறகு.

"இன்னொரு சேவல் எங்க பாப்பா?"

"குளியலறையில அடைச்சிருக்கேன். சண்டை போடுதுன்னு." பிறகு டப்பாவைப் பார்த்தாள். "இது என்ன?"

"சுவருக்கு."

"இது யாரு வேணாம்னு சொன்னது?"

கலர்காரர் இறகுகளைத் தொட்டியில் திரும்பப் போட்டார்.

"யாரும் வேணாம்னு சொல்லல. உனக்குன்னு கலந்தது."

அவள் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போனாள். அவரும் கை கழுவிவிட்டுப் பின்னாலேயே போனார். கூடத்தில் நாத்தனார் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் மச்சானைக் கண்டதும் முகம் மலர்ந்து, சாப்பிட இலை இல்லாவிட்டாலும் தட்டு இருக்கிறது, உட்காருங்கள் என்றான். கலர்காரர் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி, கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அந்தச் சேவலை எனக்குக் கொடு பாப்பா."

பாப்பா திரும்பாமல் பானையைக் கிளறினாள்.

"எதுக்கும் ஆகாததுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எங்க வீட்டுக்குத்தான் போதும்னு சொன்ன."

நாத்தனார் காபி டம்ளர் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் விசிறியின் வேகத்தைக் கூட்ட எழுந்து போனான். அது ஏற்கெனவே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கோழியைப் பெயின்ட்டுன்னு நெனச்சுட்டேன்" என்றார் கலர்காரர். "உன்னை என்னன்னு நெனச்சேன்னு தெரியல."

பானையில் கரண்டி நின்றது. பாப்பா அடுப்பைத் தணித்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள், வியர்வையாகவும் இருக்கலாம்.

"சேவலைத் தர மாட்டேன்" என்றாள். "அது இங்கதான் இருக்கும். உனக்கு வேணும்னா உன் கோழியை இங்க கொண்டு வந்து விடு."

"மசியையா? வயசான கோழி பாப்பா. இடம் மாத்தினா முட்டையை நிறுத்திடும். நிறுத்திட்டா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"நானும் இடம் மாறி வந்தவதான். கொண்டு வா, இல்லன்னா விடு."

அவர் சாயங்காலமே கொண்டுவந்தார். மசியைத் துணிப்பைக்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்டவாளம் தாண்டி நடந்துவந்ததைத் தெருவில் பலபேர் பார்த்தார்கள். "சின்ன வீட்டைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பறார்" என்று மனைவி வாசலில் நின்று சொன்னாள். ஆனால் பைக்குள் விரிக்கப் பழைய கம்பளித் துண்டு வைத்துக் கொடுத்தது அவள்தான். பாப்பா பையோடு வாங்கிக் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். சேவல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தது. மசி மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது.

அவர் பயந்தது நடந்தது. மசி முட்டையிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கலர்காரர் போவார். பாப்பா சன்னல் வழியாகவே "இல்லை" என்பாள். திரும்பி வந்துவிடுவார். முதலில் அந்த ஒரு வார்த்தைதான். பிறகு "இல்லை, காபி குடிச்சுட்டுப் போ" ஆயிற்று. பிறகு ஒருநாள் இறகு கொட்டுகிறது என்றாள். இன்னொரு நாள் இறகு முளைக்கிறது என்றாள். அவர் காபியைக் குடித்துக்கொண்டு பப்பாளிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கொண்டுவந்த பெயின்ட் டப்பா அலமாரியின் உச்சியில் திறக்காமல் இருந்தது. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மசியின் கதை முடிந்தது என்று அவர் மனத்துக்குள் தீர்மானித்துவிட்ட சமயத்தில், ஒரு மதியம் பாப்பா கடைக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அந்தப் பின்னறையைப் பார்த்ததே இல்லை. டப்பாக்களையும் குப்பிகளையும் சுற்றிப் பார்த்தாள்.

"இங்கேர்ந்துதான் எல்லாம் வந்துதா" என்றாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு முட்டை. "இன்னைக்குக் காலையில. உனக்குக் காட்டிட்டு அடைக்கு வெக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

கலர்காரர் அதை வாங்கி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நகத்தில் அன்றைக்கு நீலம். முட்டை சாதாரண முட்டை மாதிரியேதான் இருந்தது.

மசி அந்தத் தடவை கொஞ்சம்தான் இட்டது, பிறகு அடியோடு நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்துக்கு அப்பால் யாரிடமோ அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கி பாப்பா முட்டைகளை வைத்தாள். பொரித்த அன்று அண்ணனை அழைத்துக் காட்டினாள். அட்டைப்பெட்டிக்குள் பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. கறுப்பு என்றால் அரைகுறைக் கறுப்பு இல்லை. கால் நகம்வரை கறுப்பு. கலர்காரர் குனிந்து ஒன்றைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"சிறகைத் தூக்கிப் பாக்கறது, வாயைப் பிளந்து பாக்கறது எல்லாம் இங்க வேணாம்" என்றாள் பாப்பா. "வளரட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வளரட்டும் என்று காத்திருந்தார். பிரிப்பது தன் வேலை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஓட்டுநருக்கே அது வியப்பாக இருந்தது. "மச்சானுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மனைவியைக் கேட்டான்.

குஞ்சுகள் அடைக்கோழியை விட்டுத் தனியாக மேயத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, பாப்பா அண்ணனை வாசலிலேயே நிறுத்தினாள். கையில் ஜெராக்ஸ் காகிதம் வந்த அட்டைப்பெட்டி. காற்றுக்காகப் பக்கங்களில் ஓட்டை போட்டு, மேலே கயிறு கட்டியிருந்தது.

"இது உனக்கு" என்றாள். "மத்தது இங்க இருக்கும். மசியும் இங்கயே இருக்கட்டும், பழகிடுச்சு."

கலர்காரர் பெட்டியை வாங்கினார். அவள் தோளுக்கு மேலாகக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. அங்கே மதில்மேல் ஒரு இளஞ்சேவல் ஏறி நின்றது. கறுத்த கொண்டை, கறுத்த முகம், கழுத்திலிருந்து வால்வரை ஒவ்வொரு இறகும் சுருண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கோழி பிடித்த நாளிலிருந்து அவர் மனத்துக்குள் நின்ற சேவல் அதுதான். அதை அவர் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பாப்பா பார்த்தாள்.

"பெட்டியைத் திறந்து பாக்கலையா?" என்றாள்.

"வீட்ல போய்ப் பாத்துக்கறேன்."

"பிடிக்கலன்னா?"

"நீ கொடுத்ததுதான பாப்பா."

அவள் கதவைப் பாதி சாத்தினாள். "அடுத்த ஞாயிறு அண்ணியையும் கூட்டிட்டு வா" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் கயிற்றை வெட்டியது மனைவி, துணி வெட்டுகிற கத்தரியால். மூடியைத் திறந்தவள் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எல்லாம் பெட்டை. எல்லாம் வெளுத்த தோல், ஒன்றுக்கும் சுருட்டை இல்லை.

"கறுப்பு?"

"அங்க இருக்கு. சேவல்."

"கேக்கலையா?"

"கேக்கல. இதுங்க வளந்ததும் அந்தச் சேவல்கிட்டக் கொண்டு போகணும். இல்ல, அதை இங்க அனுப்பச் சொல்லி பாப்பாகிட்டக் கேக்கணும். எப்படியும் போய்த்தான் ஆகணும்."

"போங்க. யாரு வேணாம்னா?"

கலர்காரர் பெட்டியோடு கொல்லைக்குப் போனார். ஒரு பெட்டையைப் பிடித்துப் பழக்கதோஷத்தில் சிறகைத் தூக்கினார். தூக்கியதைப் பார்க்காமலே இறக்கினார். பிறகு குனிந்து இடப்பக்கக் கூண்டின் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்.

"அது வேண்டியதுக்குன்னு வெச்ச கூண்டாச்சே" என்றாள் மனைவி வாசற்படியிலிருந்து.

"ஆமா" என்றார் அவர். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.